அரை மில்லிமீட்டர்: டாஃப்னித் தீவும் ஆய்வு மாணவர்களும்

விலங்கியலிலோ சூழலியலிலோ முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் மாணவர் ஒருவருக்குப் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகளே கிடைக்கின்றன; அதற்குள் கேள்வியைத் தேர்ந்து, களத்துக்குச் சென்று தரவு திரட்டி, அதைப் பகுத்து, ஆய்வேடாக எழுதி, வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முன் நிலைநாட்டியாக வேண்டும். பரிணாமம் என்பதோ தலைமுறை தலைமுறையாக நிகழும் மாற்றம். அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக நடப்பதென்றும், யுகங்கள் கடந்த பின்னரே அதன் விளைவை உணர முடியுமென்றும் டார்வினே நம்பியிருந்தார். அப்படியானால், நான்கைந்து ஆண்டுகளில் முடிந்துவிடும் ஓர் ஆய்வு பரிணாமத்தை நேரில் அளந்து காட்ட முடியுமா என்ற கேள்வி எழுகிறது. பசிபிக் பெருங்கடலில், ஈக்வடார் நாட்டின் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே உள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில், மனிதர் எவரும் வாழாத ஒரு சிறு தீவில் 1970-களிலும் 1980-களிலும் அடுத்தடுத்துத் தங்கிய ஆய்வு மாணவர்களின் உழைப்பு இக்கேள்விக்கு விடை தந்தது. அந்த விடை எந்த ஒரு மாணவரின் ஆய்வேட்டிலும் முழுமையாக அடங்கவில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

தீவும் பதிவேடும்

டாஃப்னி மேஜர் என்பது கடலிலிருந்து எழுந்து நிற்கும் எரிமலைக் கூம்பு. உயரம் ஏறத்தாழ 120 மீட்டர், பரப்பளவு ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கரை முழுவதும் செங்குத்துப் பாறை என்பதால், படகு அலையோடு உயரும் நொடி பார்த்து ஒரு பாறை விளிம்பில் தாவித்தான் ஏற வேண்டும். நன்னீர் கிடையாது, குடிநீரும் உணவும் கூடாரமும் படகிலேயே வந்து சேர வேண்டும். வசிப்பதற்கு இவ்வளவு கடினமான இடம், ஆய்வுக்கு மிகப் பொருத்தமாக அமைந்ததற்குக் காரணம் அதன் அளவே. தீவு சிறியதாக இருந்ததால் அதிலுள்ள பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்து அடையாளமிட முடிந்தது. மற்றத் தீவுகளிலிருந்து அது ஒதுங்கி நின்றதால், ஒரு பறவை காணாமற்போனால் அது பெரும்பாலும் இறந்துவிட்டது என்றே கொள்ள முடிந்தது.

பறவையியலர் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973-இல் இங்கே ஆய்வைத் தொடங்கினர். பீட்டர் கிராண்ட் அப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும், 1985-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும் மாறினார். அவரது நெறியாள்கையில் ஆய்வு மேற்கொண்ட மாணவர்கள் மாதக்கணக்கில் தீவில் தங்கினர். அவர்களது கவனத்தின் மையமாக இருந்தது, டார்வின் குருவிகள் என்று அழைக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்த நடுத்தரத் தரைக்குருவி; விலங்கியலில் இதன் பெயர் ஜியோஸ்பைசா ஃபோர்ட்டிஸ். சிட்டுக்குருவியை ஒத்த உடலும், விதையை உடைப்பதற்கேற்ற தடித்த அலகும் கொண்ட இப்பறவையில், ஒரே தீவிலேயே ஒன்றுக்கொன்று அலகின் அளவு கண்ணுக்குத் தெரியும்படி வேறுபட்டது.

வேலையின் அடிப்படை எளிமையானது, ஆனால் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. மெல்லிய கறுப்பு நூலால் ஆன வலையைப் புதர்களுக்கிடையே கட்டி, அதில் சிக்கிய பறவையை விடுவித்து, எடை பார்த்து, இறக்கையையும் காலையும் அளந்து, பின்னர் அலகின் நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றையும் அளவியால் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை கணித்துக் குறிக்க வேண்டும். அலகின் ஆழம் என்பது, அடிப்பகுதியில் மேல் அலகின் உச்சியிலிருந்து கீழ் அலகின் அடி வரை உள்ள செங்குத்து உயரம். கடிக்கும் வலு பெரிதும் இந்த அளவைப் பொறுத்தது. அளந்த பின், எண் பொறித்த ஓர் உலோக வளையமும் அந்த எண்ணைக் குறிக்கும் மூன்று வண்ண வளையங்களும் கால்களில் மாட்டப்பட்டு, பறவை பறக்கவிடப்படும். அதன் பிறகு அதை மீண்டும் பிடிக்க வேண்டியதில்லை. எந்தப் பறவை எந்த விதையைத் தின்கிறது, எதனோடு இணைகிறது, எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு பொரிக்கிறது என்பதையெல்லாம் தூரத்திலிருந்தே வளையங்களின் நிறத்தைக் கொண்டு குறித்துக்கொள்ளலாம். கூட்டிலுள்ள குஞ்சுகளுக்கும் வளையமிடப்பட்டதால், ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பதிவேடு தாய், தந்தை, பிள்ளை என்ற உறவுமுறைகளோடு கூடிய குடும்ப வரலாறாக விரிந்தது.

மழை பொய்த்த ஆண்டு

1970-களின் நடுவில் மெக்கிலின் ஆய்வு மாணவராக டாஃப்னிக்கு வந்த பீட்டர் போக் எடுத்துக்கொண்ட கேள்வி, அலகின் அளவு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எந்த அளவுக்கு மரபாக இறங்குகிறது என்பது. இயற்கைத் தேர்வு பரிணாமமாக மாறுவதற்கு மூன்று நிபந்தனைகள் தேவை: ஓர் இனத்தின் உறுப்பினர்களிடையே வேறுபாடு இருக்க வேண்டும், அந்த வேறுபாடு பிழைப்பதையும் இனம் பெருக்குவதையும் பாதிக்க வேண்டும், அதோடு அந்த வேறுபாடு மரபுவழி கடத்தப்படவும் வேண்டும். மூன்றாவது இல்லையெனில், ஒரு தலைமுறையில் எவ்வளவு கடுமையான தேர்வு நடந்தாலும் அடுத்த தலைமுறை பழைய சராசரிக்கே திரும்பிவிடும். ஊட்டம் மிகுந்ததால் மட்டுமே பெரிதாக வளர்ந்த அலகு பிள்ளைக்குச் சொத்தாகப் போய்ச் சேராது.

மரபுவழிப் பேறு என்று சொல்லப்படும் இந்த அளவைக் கணிப்பதற்கு, தாய் தந்தை இருவரின் அலகளவின் சராசரியை ஓர் அச்சிலும், அவற்றின் பிள்ளைகளின் வளர்ந்த அலகளவின் சராசரியை மற்றோர் அச்சிலும் வரைந்து, அப்புள்ளிகளின் ஊடே செல்லும் கோட்டின் சரிவு கணிக்கப்படுகிறது. சரிவு சுழியாக இருந்தால் மரபுக்கு அங்கே பங்கில்லை; ஒன்றாக இருந்தால் பறவைக்குப் பறவை உள்ள வேறுபாடு முழுவதும் மரபுவழி வந்ததாகிறது. டாஃப்னியின் தரைக்குருவிகளில் அலகின் ஆழத்துக்கு இச்சரிவு 0.7-ஐத் தாண்டியது. காட்டுப் பறவை ஒன்றில் இது மிக உயர்ந்த மதிப்பு.

இத்தகைய ஆய்வுக்குக் கூடுகளும் குஞ்சுகளும் வேண்டும். ஆனால் 1977-இல் மழைக்காலம் முழுவதிலும் 24 மில்லிமீட்டர் மழையே பெய்தது. செடிகள் துளிர்க்கவில்லை, புதிய விதைகள் உருவாகவில்லை, நடுத்தரத் தரைக்குருவிகள் அந்த ஆண்டு இனப்பெருக்கமே செய்யவில்லை. குஞ்சுகளை அளக்க வந்த மாணவருக்கு அளக்கக் குஞ்சில்லை. அதற்குப் பதிலாக, ஏற்கெனவே அளந்து வளையமிட்ட பறவைகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போவதைக் குறித்துவைக்கும் வேலையே எஞ்சியது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,200 ஆக இருந்த இனத்தொகையில் 85 விழுக்காடு அழிந்தது.

எந்தப் பறவை இறந்தது, எது பிழைத்தது என்பதை விதைகளே தீர்மானித்தன. வறட்சி தொடங்கியபோது, அம்மான் பச்சரிசியின் உறவான சிறு செடிகளும் பிறவும் உதிர்த்திருந்த மென்மையான சிறு விதைகளைப் பறவைகள் முதலில் தின்று தீர்த்தன. எஞ்சியவற்றில் முதன்மையானது டிரிபுலஸ் என்ற செடியின் காய். தமிழகத்தின் தரிசுகளில் படரும் நெருஞ்சியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. நெருஞ்சிக்காயைப் போலவே அதுவும் முதிர்ந்ததும் ஐந்து முள் துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டின் கட்டையான ஓட்டுக்குள்ளும் சில விதைகள் இருக்கும். குருவி அந்தத் துண்டைக் காலால் பாறையோடு அழுத்திப் பிடித்து, அலகின் ஓரத்தில் வைத்துத் திருகி, முனையைப் பிளந்து விதையை எடுக்கிறது. அலகு ஆழமாக உள்ள பறவையால் இது முடியும். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் குறைவாக உள்ள பறவைக்கு ஓடு பிளவுபடுவதில்லை, ஆகவே அது முயல்வதையே விட்டுவிடுகிறது. விதைகளின் கடினத்தை அளக்க மாணவர்கள் இடுக்கி போன்ற ஒரு கருவியைப் பயன்படுத்தி, எந்த விதை எவ்வளவு விசைக்கு உடைகிறது என்று பதிந்திருந்ததோடு, தீவின் நிலப்பரப்பில் சிறு சதுரங்களைக் குறித்து அவற்றிலுள்ள விதைகளையும் எண்ணிவந்தனர். ஆகவே உணவு குறைந்ததையும், எஞ்சிய உணவு வரவரக் கடினமானதையும், சாவு கூடியதையும் ஒரே கால அட்டவணையில் பொருத்திப் பார்க்க முடிந்தது.

பிழைத்த பறவைகளின் அலகாழச் சராசரி, வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. இது தேர்வு, இன்னும் பரிணாமம் அன்று. தேர்வின் அளவை மரபுவழிப் பேற்றால் பெருக்கினால் அடுத்த தலைமுறையில் எதிர்பார்க்க வேண்டிய மாற்றம் கிடைக்கும் என்பது கால்நடை வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த சூத்திரம். 1978-இல் மழை திரும்பி, பிழைத்தவை குஞ்சு பொரித்து, அக்குஞ்சுகள் வளர்ந்தபோது, அவற்றின் அலகு பழைய தலைமுறையினதைவிடச் சராசரியாக 4 விழுக்காடு அளவுக்கு ஆழமாக இருந்தது. சூத்திரம் சொன்னதும் தீவு காட்டியதும் நெருங்கி வந்தன. வேறுபாடு, சாவு, சாவின் காரணம், மரபு, அடுத்த தலைமுறையின் மாற்றம் ஆகிய எல்லாமும் ஒரே இயற்கை இனத்தொகையில் எண்களாகக் கிடைத்த அரிய நேர்வு இது. போகும் கிராண்டும் இதை 1981-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர்.

அடுத்தவர் கண்ட எதிர்த்திசை

ஆய்வு அங்கேயே நின்றிருந்தால், பெரிய அலகே சிறந்தது என்றும், குருவிகள் பெரிய அலகை நோக்கிப் பரிணமிக்கின்றன என்றும் பாடநூல்கள் எழுதியிருக்கும். ஆனால் அரை மில்லிமீட்டருக்குள் ஒரு புதிர் ஒளிந்திருந்தது: வறட்சி கலாபகோஸில் புதிதன்று, ஒவ்வொரு வறட்சியும் அலகைப் பெரிதாக்கியிருந்தால், நடுத்தரத் தரைக்குருவி எப்போதோ தன் பெரிய உறவினமான பெருந்தரைக்குருவியின் அளவை எட்டியிருக்க வேண்டும். அது ஏன் நிகழவில்லை என்பது அடுத்து வந்தவர்களின் கேள்வியாயிற்று.

மிச்சிகனின் ஆய்வு மாணவராக டாஃப்னிக்கு வந்த டிரெவர் பிரைஸ் இக்கேள்வியை ஒரு பறவையின் வாழ்நாளுக்குள்ளேயே தேடினார். வளர்ந்த பறவைகளுக்கு வறட்சியில் பெரிய உடல் உதவுகிறது. இணை தேடும்போதும் பெரிய ஆணுக்கும் கருத்த இறகுடைய ஆணுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் கூட்டை விட்டுப் பறந்த முதல் ஆண்டில், குறைந்த இரையில் உயிர் தாங்கும் சிறிய உடலே சாதகமாக இருப்பதையும், சிறிய பெண் பறவைகள் முன்னதாகவே முட்டையிடத் தொடங்குவதையும் அவர் காட்டினார். ஒரே பறவையின் வாழ்வில் வெவ்வேறு பருவங்களில் தேர்வு வெவ்வேறு திசையில் இழுக்கிறது என்பது இதன் பொருள். ஒன்றோடொன்று பிணைந்த பண்புகளைப் பிரித்துப் பார்க்கும் புதிய புள்ளியியல் முறையும் அப்போதுதான் வந்திருந்தது. அதைக் கொண்டு 1977-ஐ மீண்டும் ஆராய்ந்தபோது, அந்த ஆண்டில் ஆழமான, ஆனால் குறுகிய அலகே பயனளித்தது என்றும், ஆழத்துக்குக் காரணமான மரபணுக்களே அகலத்தையும் கூட்டுவதால் அகலம் தனக்கு எதிரான தேர்வையும் மீறிப் பெருகியது என்றும் தெரிந்தது.

திருப்பம் 1982-இன் இறுதியில் வந்தது. பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்துக்கு மாறாகச் சூடேறும் எல் நினோ நிகழ்வு அந்த முறை மிகக் கடுமையாக இருந்ததால், டாஃப்னியில் சில மாதங்களுக்குள் 1,359 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தீவு முழுவதும் கொடிகள் படர்ந்து கள்ளிகளையும் டிரிபுலஸையும் மூடின. அதன் பிறகு மண்ணில் மிகுந்திருந்தவை சிறிய, மென்மையான விதைகளே. 1984-இலும் 1985-இலும் மழை மீண்டும் குறைந்து உணவு சுருங்கியபோது, சிறு விதைகளை வேகமாகப் பொறுக்க முடிந்த சிற்றலகுப் பறவைகள் பிழைத்தன. பேரலகுப் பறவைகள் மடிந்தன. இதைப் பதிவு செய்தவர் அப்போதைய ஆய்வு மாணவர் லைல் கிப்ஸ். அவரும் கிராண்டும் 1987-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, தேர்வு ஊசலாடுகிறது என்பதை நிறுவியது. 1977-இல் ஏறிய அரை மில்லிமீட்டர் எந்தத் திசைக்கும் உறுதியளிக்கவில்லை. சூழல் மாறியபோது அது இறங்கவும் செய்தது.

நீண்ட கால இடைவெளியில் முதலும் முடிவும் மட்டும் அளக்கப்பட்டிருந்தால், அலகு மாறவே இல்லை என்ற முடிவுக்கே ஒருவர் வந்திருக்கக்கூடும். பரிணாமம் மெதுவானது என்ற பழைய நம்பிக்கைக்கு ஒரு காரணம் இதில் உள்ளது: ஒன்றையொன்று அழிக்கும் விரைவான மாற்றங்களை நெடுந்தொலைவிலிருந்து பார்க்கும்போது அவை அசைவின்மையாகத் தோன்றுகின்றன. போகின் ஆய்வேடு தவறன்று, கிப்ஸின் ஆய்வேடு அதை மறுக்கவும் இல்லை. ஆனால் ஒன்றையொன்று அடுத்து வைத்துப் படிக்கும்போதுதான் இரண்டும் உண்மையைச் சொல்கின்றன.

வேறு கேள்விகள், அதே பறவைகள்

எல்லா மாணவரும் வறட்சியையே ஆராயவில்லை. மெக்கிலைச் சேர்ந்த லொரீன் ராட்கிளிஃப், நெருங்கிய உறவுடைய இந்தக் குருவிகள் தத்தம் இனத்தை எவ்வாறு அறிகின்றன என்ற கேள்வியோடு, பாடம் செய்த பறவை உடல்களை ஆண் குருவிகளின் எல்லைக்குள் வைத்தும், பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டும் பார்த்தார். தோற்றமும் பாட்டும் தனித்தனியாகவே இனத்தை அடையாளம் காட்டப் போதுமானவை என்று அவரது சோதனைகள் காட்டின. இரை தேடும் கருவியான அலகு, யாரோடு இணைவது என்பதிலும் பங்கு வகித்தால், உணவுக்கேற்ப அது மாறும்போது இனங்கள் பிரிவதற்கும் வழி பிறக்கிறது. டால்ஃப் ஷ்லூட்டர் பல தீவுகளில் விதைகளின் அளவையும் வகையையும் கணக்கெடுத்து, எந்தத் தீவில் எந்த அலகுக்கு இடமுண்டு என்று முன்கூட்டியே கணித்து, உண்மையில் அங்கே வாழும் பறவைகளோடு ஒப்பிட்டார். அவர், பிரைஸ், கிராண்ட் மூவரும் 1985-இல் வெளியிட்ட கட்டுரை, ஒரே உணவுக்குப் போட்டியிடும் இரு இனங்கள் சேர்ந்து வாழும்போது அவற்றின் அலகுகள் விலகிப்போவதை விளக்கியது. இதற்குப் பண்பு விலகல் என்று பெயர்.

இவர்கள் கற்ற முறை தீவோடு நின்றுவிடவில்லை. ஷ்லூட்டர் கனடாவின் ஏரிகளில் வாழும் முள்முதுகு மீன்களில் இனப்பிரிவை ஆராயச் சென்றார். பிரைஸ் இமயமலையின் இலைக்கதிர்க்குருவிகளை ஆராய்ந்தார். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தென்னிந்தியா வரும் அதே கூட்டத்துப் பறவைகளைப் பற்றி, அவரோடு பணியாற்றிய ஆய்வு மாணவர் ஒருவர் திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார்.

முன்னர் எவரும் கேட்காத கேள்விக்கு விடை

மாணவர்கள் மாறினாலும் பதிவேடு 2012 வரை ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1982-இன் இறுதியில் பெருந்தரைக்குருவிகள் சில டாஃப்னியில் குடியேறி இனம் பெருக்கத் தொடங்கின. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஒரு வறட்சி வந்தபோது, டிரிபுலஸ் காய்களை அவை நடுத்தரத் தரைக்குருவிகளைவிடத் திறமையாக உடைத்துத் தீர்த்துவிட்டதால், 1977-க்கு நேர்மாறாக, நடுத்தரத் தரைக்குருவிகளில் சிறிய அலகுடையவையே பிழைத்தன. வறட்சி அதே வகையானது, காயும் அதே காய். போட்டியாளர் ஒருவர் வந்ததால் விளைவு தலைகீழானது. பண்பு விலகல் கண்முன்னே நிகழ்ந்ததைக் கிராண்ட் இணையர் 2006-இல் அறிவித்தனர். 1981-இல் 100 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த ஓர் ஆண் பறவையின் வழித்தோன்றல்கள் தமக்குள்ளேயே இணைந்து தனி மரபாகப் பிரிந்ததும், வளையமிட்ட குடும்ப வரலாறு இருந்ததாலேயே தெரியவந்தது.

1980-களின் இறுதியிலிருந்து, அளக்கப்படும் பறவையிடமிருந்து ஒரு துளி இரத்தமும் எடுத்துச் சேமிக்கப்பட்டது. அன்று ஒரு பறவையின் மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்கும் வழி இருக்கவில்லை. பின்னர் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைஃப் ஆண்டர்சனின் குழு அதைச் செய்தபோது, அலகின் வடிவத்தோடு தொடர்புடைய ஏஎல்எக்ஸ்1 என்ற மரபணுப் பகுதி 2015-இலும், அலகின் அளவோடு தொடர்புடைய எச்எம்ஜிஏ2 என்ற பகுதி 2016-இலும் கண்டறியப்பட்டன. பின்னதன் இரு வடிவங்களில் சிறிய அலகோடு தொடர்புடையது, மேற்சொன்ன 2004–05 வறட்சியில் பிழைத்த பறவைகளிடம் கூடுதலாக இருந்தது. அளவியால் அளந்த அரை மில்லிமீட்டருக்கு அடியில் இருந்த மரபெழுத்து, களக்குறிப்பில் ‘பிழைத்தது’, ‘காணவில்லை’ என்று எழுதப்பட்டிருந்ததால்தான் பொருள் பெற்றது.

முனைவர் பட்ட ஆய்வு ‘புதிய பங்களிப்பாக’ இருக்க வேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் புதிய இடம், புதிய உயிரினம், புதிய தலைப்பு என்றே புரிந்துகொள்கின்றன. ஒருவர் தொடங்கிய கணக்கெடுப்பை இன்னொருவர் தொடர்வது பழையதைத் திரும்பச் செய்வதாகக் கருதப்படுகிறது. டாஃப்னியின் வரலாறு இதற்கு மாறான தீர்ப்பைத் தருகிறது. அங்கே வந்த ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு கேள்வி வைத்திருந்தார், தம் பெயரில் ஆய்வேடு எழுதினார், பட்டமும் பெற்றார்; அதே வேளையில் முன்னவர் வளையமிட்ட பறவைகளை அதே முறையில் அளந்து, பின்னவருக்காக அதே பதிவேட்டில் எழுதிவைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளையோ மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளையோ ஆராயவிருக்கும் மாணவரும், அவருக்குத் தலைப்பு தரும் நெறியாளரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: களத்தில் அளந்த எண்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்போடு முடங்காமல், அடுத்து வருபவர் தொடரக்கூடிய வடிவில் துறையிலேயே காக்கப்பட வேண்டும், குறிக்கப்பட்ட நிலப்பகுதியும் அளவு முறையும் மாறாமல் கைமாற வேண்டும். ஐந்தாண்டு ஆய்வால் பரிணாமத்தை அளக்க முடியும். ஆனால் அந்த ஐந்தாண்டுக்கு முன்னும் பின்னும் வேறொருவர் அதே இடத்தில் அளந்திருந்தால்தான் அந்த அளவு எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியும்.